கம்பியில்லாத கூடாரம்

அத்தியாயம் 11

கணவனை விட்டு வந்த மூன்றாம் மாதத்தில் மாக்சின் ஒரு முன்கூடாரம் வாங்கினாள். சென்ற வாரம் அவளைக் கடை வாசலில், அந்தக் கனத்த பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம்.

யார்க்‌ஷயர் கடற்கரையில், பாறை விளிம்பை ஒட்டிய முகாம் புல்வெளியில் நிற்கும் பழைய, சின்னஞ்சிறு கேரவன், காரில் கட்டி இழுக்கும் வண்டிதான் இப்போது அவளுடைய வீடு. அதற்குள் ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி நிற்கத்தான் இடம் உண்டு. மகள் ஃப்ரேயாவுக்குப் பதினாறு வயது. இன்னமும் தகப்பனோடு இருக்கிறாள். "எனக்குன்னு தனியா ஒரு ரூம் இருந்தா வர்றேன், இல்லேன்னா இங்கயே இருந்துக்கறேன்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். கேரவனின் பக்கவாட்டில் கோத்து நிறுத்தும் கூடாரம்தான் மாக்சினால் கொடுக்க முடிந்த ஒரே அறை. சனிக்கிழமை மாலை கணவன் க்ளைவ் மகளைக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

கடையில் இரண்டு வகை இருந்தன.

"இரும்புக் கம்பி வச்சதா, காத்தடிக்கறதா?" என்று விற்பனையாளர் கேட்டிருந்தார். "நீங்க பாறை மேல இருக்கீங்க. கம்பிதான் காத்துக்கு நல்லா நிக்கும்மா."

"கம்பி வேணாம்."

அவர் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் இடது மணிக்கட்டைக் காட்டியிருக்கலாம். இங்கிலாந்தில் கேரவனோடு ஊர்சுற்றும் தம்பதிகள் எல்லாருமே முன்கூடாரம் போடும்போது சண்டை பிடிப்பார்கள். அது ஊரே சிரித்துப் பேசும் விஷயம். க்ளைவின் சண்டையில் மட்டும் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை. ஒரு கோடையில், பொருந்த மறுத்த கம்பி ஒன்று அவன் கையிலிருந்து அவள் கையை நோக்கி வந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது.

அளவை அவள் நூல் பிடித்தே எடுத்திருந்தாள். கேரவனின் விளிம்பில் ஓடும் காடிப் பள்ளத்தில் கூடாரத் துணியின் ஓரம் நுழைய வேண்டும். ஆகையால் வண்டி எவ்வளவு நீளம் என்பது பொருட்டில்லை. தரையில் தொடங்கி, மேலேறி, கூரையைச் சுற்றி, மறுபுறம் தரை தொடும் தூரம்தான் கணக்கு. வண்டியின் நீளத்தை நம்பி வாங்கியவர்கள் துணி தொங்கத் தொங்க நிற்பதை எல்லா முகாம்களிலும் பார்க்கலாம்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

காலையிலிருந்தே கடற்காற்று அறைந்துகொண்டிருந்தது. கொடிக்கம்பத்தின் கயிறு சாட்டையடி போலச் சத்தமிட்டது. மாக்சின் காடியைத் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிக்கொண்டிருந்தபோது எதிர் இடத்து டோரீன் மடக்கு நாற்காலியை விரித்து, மடியில் போர்வையும் கையில் தேநீருமாக உட்கார்ந்தாள்.

"டிக்கெட் வாங்கியாச்சா, டோரீன்?"

"முதல் வரிசை, கண்ணு. ஸ்டான்லி பிஸ்கட் எடுக்கப் போயிருக்கார். அதுக்குள்ள ஆரம்பிச்சிடாதே."

புதிதாக ஒருவர் கூடாரம் போட்டால் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பார்ப்பது முகாம்களின் வழக்கம். வேடிக்கை பார்ப்பது அவர்கள் உரிமை. ஆனால் கேட்காமல் உதவக் கூடாது. அதைவிட முக்கியமாக, அழைக்காமல் இன்னொருவர் இடத்துக்குள் கால் வைக்கவே கூடாது. இடத்துக்கும் இடத்துக்கும் நடுவே வெள்ளையடித்த கற்கள் கிடந்தன. நாயைக்கூட அவற்றைச் சுற்றித்தான் அழைத்துப் போவார்கள். யோசனை சொல்ல விரும்புகிறவர்கள் தங்கள் வீட்டாரிடம் பேசுவதுபோல உரக்கப் பேசிக்கொள்வார்கள்.

மாக்சின் துணியின் ஓரத்தைக் காடிக்குள் இழுத்தாள். மூலையில் சிக்கியது. காற்று மீதித் துணியை அவள் முகத்தில் அறைந்தது. ஏணியில் நின்றபடி பல்லைக் கடித்து இழுத்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. இறங்கி நேராகப் பம்பை எடுத்தாள்.

"டோரீன்," என்றார் பிஸ்கட்டோடு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்த ஸ்டான்லி, உரக்க. "போன வருஷம் ஒருத்தன் முளை அடிக்காம காத்தடிச்சானே, ஞாபகம் இருக்கா? கூடாரம் கோல்ஃப் மைதானத்துல கிடந்துச்சு."

"அவனும் அங்கதான் கிடந்தான்," என்றாள் டோரீன்.

மாக்சின் பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். பின்மூலைகள் இரண்டிலும் முளை இறங்கிய பிறகே குழாயை வால்வில் செருகினாள்.

மூன்று காற்றுக்குழல்கள் அந்தக் கூடாரத்தின் விலா எலும்புகள். ஒன்றில் காற்று இறங்கினாலும் மற்றவை நிற்கும்படி தனித்தனியே மூடியவை. அவள் அழுத்த அழுத்த, தரையில் கிடந்த துணி முதலில் முதுகைத் தூக்கியது, பிறகு தோளை. படுத்திருந்த மாடு எழுவதுபோல அது எழுந்து நின்றது. யாரும் கத்தவில்லை. யாரும் எதையும் தூக்கி எறியவில்லை. எதிரில் டோரீன் கை தட்டினாள். ஸ்டான்லி பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினார்.

மாக்சின் முன்பக்கக் கயிறுகளை இழுத்துக் கட்டி, உள்ளே படுக்கையறைத் துணியைத் தொங்கவிட்டு, மெத்தையைப் போட்டாள். தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கும்போது சரளைக்கல்லில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

மாலைக்கு இன்னும் நேரமிருந்தது. அவன் முன்கூட்டியே வந்துவிட்டான்.

க்ளைவ் சலவைச் சட்டை போட்டிருந்தான். எதிர்ப் பக்கம் பார்த்து, "காத்து பிச்சுக்கிட்டுப் போகுது, இல்லீங்களா?" என்று சிரித்தான். வெளி மனிதர்களிடம் அவன் எப்போதும் இனியவன். காரின் கூரையில் நீண்ட பச்சைப் பை கட்டியிருந்தது. அதை மாக்சினுக்குத் தெரியும். கம்பிகளின் பை.

ஃப்ரேயா காதில் பாட்டுக் கேட்கும் கருவியோடு இறங்கி, காரை ஒட்டியே நின்றாள்.

"ஹாய் ம்மா. இங்க குளிருது."

"உள்ள வா, கண்ணு. உன் ரூம் ரெடி."

"இருடி," என்றான் க்ளைவ். மகளுக்குச் சொன்னதா, மனைவிக்கா என்று பிரிக்க முடியாத குரல். அவன் கூடாரத்தைச் சுற்றி வந்து, ஒரு குழலை விரலால் சுண்டினான். "என்ன இது? பர்த்டே பலூனா?"

"காத்தடிக்கற கூடாரம். நல்லாத்தான் நிக்குது."

"என் பொண்ணு பலூனுக்குள்ள தூங்கமாட்டா. இறக்கு இதை. நம்ம கூடாரத்தைக் கொண்டாந்திருக்கேன். கட்டிக் குடுத்துட்டு, ராத்திரி நானும் இங்கயே இருந்து காத்து எப்படி அடிக்குதுன்னு பாக்கறேன்."

அவன் கூடாரம் நின்றால் அவனும் நின்றுவிடுவான் என்று மாக்சினுக்கு விளங்கியது. இன்று ஓர் இரவு, அடுத்த வாரம் இன்னோர் இரவு; பிறகு இதுவும் அவன் வீடாகிவிடும்.

"வேணாம் க்ளைவ். அவளை விட்டுட்டுக் கிளம்பு."

"அம்மா, ஏன் இப்பவே ஆரம்பிக்கற?" என்றாள் ஃப்ரேயா. "அப்பா சொல்றதக் கேட்டுத் தொலையேன். அவருக்கு இதெல்லாம் தெரியும்."

அந்தச் சொல் மாக்சினின் விலாவில் இறங்கியது. மகளின் குரலில் இருந்தது கோபமில்லை. சண்டை மூளாமலிருக்க வழி தேடும் ஒரு வீட்டுப்பிள்ளையின் களைப்பு. அந்தக் களைப்பை ஊட்டி வளர்த்தவர்களில் தானும் ஒருத்தி என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இது அளந்து வாங்கினது," என்றாள்.

"நீ அளந்தியா?" க்ளைவ் எதிர்ப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு சிரித்தான். "இத்தனை வருஷமா டேப்பைப் பிடிச்சது யாருன்னு கேளுங்க இவளை. ஃப்ரேயா, அந்தப் பக்கம் பிடி. இவளுக்குக் காட்டுவோம்."

பை தரையில் விழுந்தது. கம்பிகள் கலகலத்துப் புல்லில் பரவின. அவனும் மகளும் பழைய துணியை விரித்து, அதன் ஓரத்தைக் கேரவனின் விளிம்போடு பிடித்துக்கொண்டு போனார்கள். துணி கேரவனின் முன்மூலையை எட்டியது. மூலை திரும்பித் தரையைத் தொட்டது. தொட்ட பிறகும் தீரவில்லை. ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு மீதித் துணி ஃப்ரேயாவின் காலடியில் குவிந்து கிடந்தது. அது அவர்களுடைய பழைய பெரிய கேரவனுக்கு வாங்கியது. அந்தக் கேரவனை விற்றாகிவிட்டது. எல்லாருக்கும் அளவு சொல்லிக்கொடுத்தவன் இதன் காடிக்கு நூல் பிடிக்கவே இல்லை.

"டோரீன்," என்றார் ஸ்டான்லி எதிரிலிருந்து. "அது கேரவனுக்கு வாங்கினதா, சர்ச்சுக்கா?"

டோரீன் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, தேநீர் புரையேறி, மீண்டும் சிரித்தாள்.

க்ளைவின் கழுத்து சிவந்தது. அடுத்துக் காது சிவக்கும், பிறகு குரல் தாழும். அந்த வரிசை மாக்சினுக்கு மனப்பாடம். ஃப்ரேயாவுக்கும் மனப்பாடம் என்பதை இப்போதுதான் பார்த்தாள்: மகள் துணியை விட்டுவிட்டு, காதிலிருந்த கருவிகளை மெல்ல எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"ஊரைக் கூட்டி வச்சுச் சிரிக்க வைக்கறியா?" என்றான் க்ளைவ், தாழ்ந்த குரலில்.

அவன் குனிந்து, ஓரத்துக் குழலின் வால்வைத் திருகித் திறந்தான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. குழல் மடிந்தது, அந்தப் பக்கக் கூரை புதிதாய்ப் போட்ட மெத்தையை நோக்கிச் சரிந்தது.

மாக்சின் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். "மூடு அதை. க்ளைவ், மூடு."

முழங்கை அவள் வாயில் விழுந்தது. பல் உதட்டைக் கிழித்தது. இரத்தத்தின் உப்பு நாக்கில் பரவியது. அவள் கையை விடவில்லை. இத்தனை வருடங்களில் விடாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அந்த வியப்பே அவன் வெறியை மேலும் மூட்டியது. அவளைத் தலைமயிரில் பிடித்துக் கேரவனின் பக்கவாட்டில் மோதினான். தகரம் அதிர்ந்தது. அவள் சரிந்தாள்.

"இறக்கறியா இல்லையா?"

"மாட்டேன்."

அவன் புல்லில் கிடந்த கம்பிகளில் ஒன்றை எடுத்தான்.

முதல் அடி நின்றுகொண்டிருந்த நடுக்குழலின் மேல் விழுந்து எகிறியது. குழலுக்குள்ளிருந்த காற்று அதைத் திருப்பி எறிந்தது. எதிரே எழுந்து ஓடி வந்த ஸ்டான்லி, வெள்ளைக் கல்லுக்கு அப்பாலேயே சட்டென நின்றுவிட்டார். வாழ்நாள் முழுவதும் பழகிய கால்கள். "தம்பி, வேணாம்," என்றார். "தம்பி, கீழ போடு." டோரீன் தொலைபேசியில் முகாம் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது அடியை மாக்சின் முன்கையால் வாங்கினாள். உள்ளே ஏதோ முறியும் ஓசை கேட்டது. வலி சற்றுப் பிந்தியே வந்தது. மூன்றாவது அடி விலாவில். மூச்சு வெளியே போனது, திரும்பி வரவில்லை. புல்லில் முகம் பதிந்து கிடந்தவளின் கண்ணுக்கு அவனுடைய பளபளப்பான காலணி மட்டும் தெரிந்தது. அது ஓரடி பின்வாங்கியது. நன்றாக ஓங்குவதற்கு இடம் செய்துகொள்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்த அடி விழும் சத்தம் கேட்டது. ஆனால் அவள் மேல் விழவில்லை.

காலணி தடுமாறியது. முழங்கால் மடிந்தது. க்ளைவ் பக்கவாட்டில், மிச்சமாய்க் கிடந்த பழைய துணியின் மேல் சாய்ந்தான். காதுக்குப் பின்னாலிருந்து இரத்தம் சலவைச் சட்டைக்குள் இறங்கியது.

ஃப்ரேயா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். மீண்டும் ஓங்கினாள். இடுப்பை அதேபோலத் திருப்பி, தோளை அதேபோல இறக்கி, அதேபோல ஓரடி பின்வாங்கி இடம் செய்துகொண்டு.

அதைக் கண்டபோதுதான் மாக்சினுக்கு மூச்சு திரும்பியது.

"ஃப்ரேயா. போதும். கண்ணு, போதும்."

அவள் காதில் விழவில்லை. அடி க்ளைவின் தோளில் இறங்கியது. மாக்சின் ஊர்ந்து போய், முறியாத கையால் மகளின் காலைக் கட்டிக்கொண்டாள். அடுத்து ஓங்கிய கம்பி காற்றிலேயே நின்றது, நடுங்கியது, புல்லில் விழுந்தது.

அதன் பிறகுதான் டோரீன் வெள்ளைக் கல்லைத் தாண்டினாள். போர்வையைச் சுருட்டி க்ளைவின் காதுக்குப் பின்னால் அழுத்தினாள். "சாகமாட்டான்," என்றாள், வருத்தமா நிம்மதியா என்று தெரியாத குரலில்.

முகாம் காவலர் பிக்கர்ஸ்கில் தன் சின்ன வண்டியில் வந்து சேர்ந்தபோது க்ளைவ் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தாலும் குரல் திரும்பிவிட்டிருந்தது. இனிய குரல்.

"ஒண்ணுமில்லீங்க. கயிறு தடுக்கிடுச்சு. விழுந்த இடத்துல கம்பி கிடந்துச்சு."

"அவங்களுக்கு?" பிக்கர்ஸ்கில் மாக்சினின் உதட்டையும் தொங்கும் கையையும் பார்த்தார்.

"என்னைப் பிடிக்க வந்தா. ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்துட்டோம். என்ன மாக்சின்?"

பிக்கர்ஸ்கில் தலையசைத்தார். கூடாரக் கயிறு தடுக்கி வாரத்துக்கு ஒருவராவது அங்கே விழுவதுண்டு. "ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"வேணாங்க. பொண்ணு பக்கத்துல இருந்தா நானே ஓட்டிடுவேன்." பிக்கர்ஸ்கில் தன் வண்டிப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து க்ளைவ் மகளைப் பார்த்தான், அந்தப் பார்வையில் கோபமே இல்லை. "பயப்படாதே கண்ணு. அப்பா யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன். நமக்குள்ளயே இருக்கட்டும். போய் வண்டியில ஏறு."

ஃப்ரேயாவின் முகத்தில் ஒரு நன்றி எட்டிப் பார்த்தது. அடிகளைவிட அதுதான் மாக்சினைக் குலைத்தது.

படியில் வழுக்கிவிட்டேன், கதவு இடித்துவிட்டது என்று மருத்துவமனைகளில் எத்தனையோ முறை அவள் சொன்ன வாக்கியம் அது. இன்று முதன்முறையாக அவன் வாயிலிருந்து வருகிறது. அந்த வாக்கியம் என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் அங்கு யாருமில்லை. அது மன்னிப்பு போலத் தொடங்கும். பிறகு, நான் சொல்லாமல் விட்டதை மறந்துவிடாதே என்று ஒவ்வொரு காலையும் மேசையில் வந்து உட்காரும். இந்தக் காரில் ஏறினால் ஃப்ரேயா இனி ஒருபோதும் இதிலிருந்து இறங்கமாட்டாள்.

"அவர் விழலை," என்றாள் மாக்சின்.

"மாக்சின்."

"அவர் விழலை, மிஸ்டர் பிக்கர்ஸ்கில். என்னை அடிச்சார். வாய்ல, தலையில, கையில, விலாவுல. நான் கீழ கிடந்தப்ப மறுபடி ஓங்கினார். அப்ப என் பொண்ணு அவரை அடிச்சா. கம்பியால. ரெண்டு அடி. போலீஸைக் கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் இதையேதான் சொல்வேன்."

காரை நோக்கி எடுத்து வைத்த காலை ஃப்ரேயா நிறுத்தினாள்.

"அம்மா," என்றாள் ஃப்ரேயா. "நீ ஏன் என்னைச் சொன்ன?"

"பாத்தியா?" க்ளைவ் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "காப்பாத்தறது யாரு, மாட்டி விடறது யாருன்னு நல்லாப் பாத்துக்க."

"நடந்தது அதுதான், கண்ணு," என்றாள் மாக்சின் மகளிடம் மட்டும். "அவர் மறைச்சா, நீ அவருக்குச் சொந்தமாயிடுவ. நான் அப்படித்தான் ஆனேன்."

"நாங்க ரெண்டு பேரும் முழுசாப் பாத்தோம்," என்றார் ஸ்டான்லி. அவர் இன்னும் கல்லுக்கு அப்பால்தான் நின்றார். "மிஸஸ் சொன்னதுல ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை."

பிக்கர்ஸ்கில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

ஃப்ரேயா திறந்து கிடந்த கார்க் கதவைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். இரண்டு பார்வையிலும் பாசம் இல்லை. அவள் இருவரையும் கடந்து நடந்து, ஒரு பக்கம் சரிந்து மறு பக்கம் நின்றுகொண்டிருந்த கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தாள். உள்ளிருந்து ஜிப் இழுபட்டது. தரையிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பில்.

"கண்ணு, நீ உட்காரு," என்றாள் டோரீன். மாக்சின் உட்காரவில்லை. சரிந்த கூரை மகளின் தலைமேல் கிடப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. துணியில் சின்னதாக ஒரு மேடு. முறிந்த கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, மற்றக் கையால், திறந்து கிடந்த வால்வில் குழாயைச் செருகி, பம்பை அழுத்தத் தொடங்கினாள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் விலா குத்தியது.

துணி கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்து அந்த மேட்டை விட்டு விலகியது.

கூரை முழுதாக நிமிர்ந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது.

"அவர் போயிட்டாரா?"

மாக்சின் திரும்பிப் பார்த்தாள். க்ளைவ் காரில் சாய்ந்தபடி, காதில் போர்வையை அழுத்திக்கொண்டு, அந்த மூடிய ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும் அறிகுறி இல்லை.

"இல்ல," என்றாள் மாக்சின், பம்பை விடாமல்.